மீனுக்கு மருந்து... இறாலுக்கு எமன்! கடல்நீர்த் தொட்டிக்கும் தரிசு போடலாம்

‘‘சார், மீன் மேல உப்பைத் தூவுன மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. கடையில நீல மருந்து குடுத்தாங்க, ஊத்துனோம். மீனு பொழச்சிருச்சு. ஆனா, அன்னைக்கு ராத்திரியே எறாலும் நத்தையும் செத்துப்போச்சு. ரெண்டு நாள்ல பூவும் உருகிப்போச்சு. இப்ப பன்னெண்டு நாள் கழிச்சு மீன் மேல மறுபடியும் வெள்ளை விழுந்திருக்கு. என்ன சார் செய்ய?’’

போன மாதம், ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி போனில் சொன்னது இது. அவரும் அவருடைய மகளிர் குழுவினரும் கடன் வாங்கி, கோமாளி மீன் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் ‘நெமோ’ என்று சொல்கிற, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அதே மீன்தான். அவர் ‘பூ’ என்று சொன்னது கடல் சாமந்தியை. பூ மாதிரி விரிந்திருந்தாலும் அது ஒரு பிராணி. கோமாளி மீன் அதற்குள்தான் குடியிருக்கும். ஒரு தொட்டியில் முட்டையிடும் ஜோடி, கூடவே கடல் சாமந்தி, நாலைந்து அழகு இறால், பாசி தின்ன நத்தைகள் என்று வைத்திருக்கிறார். ஜோடி நன்றாகச் சேர்ந்துவிட்டால் மாதம் இரண்டு முறைகூட முட்டையிடும். அந்தக் குஞ்சுகளை நம்பித்தான் கடன் தவணை.

நான் பயிர் படித்தவன். மீன் என் துறை இல்லை. ஆனாலும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கசப்பான தகுதி உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு, என் மகன் வீட்டில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தான். மீனில் இதே வெள்ளைப்புள்ளி வந்தது. ‘‘அப்பா, என்ன மருந்து?’’ என்று கேட்டான். நன்னீர்க் குளங்களில் பயன்படுத்துவார்களே என்ற அரைகுறை நினைப்பில், ‘‘துளி மயில்துத்தம் கரைச்சு ஊத்துடா’’ என்றேன். காலையில் எழுந்து பார்த்தால், அவன் செல்லமாக வளர்த்த இரண்டு இறாலும் மல்லாந்து கிடந்தன. எத்தனையோ விவசாயிகளுக்கு மருந்து அளவு எழுதிக் கொடுத்தவன், என் வீட்டுத் தொட்டியில் அளவு பார்க்காமல் ஊற்றச் சொன்னேன். மீன்வளக் கல்லூரியில் இருந்த நண்பர் ஒருவர்தான் பிறகு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீல மருந்துக்குள் இருப்பது நம் பழைய மயில்துத்தம்தான்

அலங்கார மீன் கடைகளில் வெள்ளைப்புள்ளிக்குக் கொடுக்கும் நீல நிற மருந்துகளில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். வேறு சாயம் கலந்த மருந்துகளும் நீலமாகத்தான் இருக்கும் என்பதால், லேபிளைப் பாருங்கள். சகோதரியை லேபிளைப் படிக்கச் சொன்னேன். ‘காப்பர்’ என்றுதான் இருந்தது.

போர்டோ கலவை தயாரித்தவர்களுக்கு மயில்துத்தத்தின் குணம் தெரியும். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இலைக்குத் தெளிக்கிற அந்தக் கலவையில் லிட்டருக்கு 10 கிராம் துத்தம் இருக்கிறது. மீன் தொட்டிக்கு வேண்டியதோ லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்தான். பன்னிரண்டாயிரம் மடங்குக்கும் மேல் நீர்த்தது. அந்த அளவிலேயே இறால், நத்தை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் செத்துவிடும்.

காரணம் இதுதான். மீன் மேல் இருக்கும் ஒட்டுண்ணி ஒரு செல் உயிரி. அதன் பெயர் கிரிப்டோகேரியான். அந்தச் சின்ன உயிரியைக் கொல்லும் அளவு தாமிரம், முதுகெலும்பில்லாத மற்ற உயிர்களையும் சேர்த்தே தாக்கும். கடல் மீன்கள் அந்த அளவைச் சில வாரம் தாங்கும். இறாலின் செவுளும் சாமந்தியின் மெல்லிய தோலும் தாங்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ரத்தத்தில் இரும்பு இருப்பதுபோல, இறாலின் ரத்தத்தில் இருப்பதே தாமிரம்தான். ஆனால், ரத்தத்தில் கட்டுண்டு கிடக்கும் தாமிரம் வேறு, தண்ணீரில் தனியாக அலையும் தாமிரம் வேறு.

இறால் ஏன் செத்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. வெள்ளைப்புள்ளி ஏன் திரும்பி வந்தது? அதற்கும் தொட்டிக்குள்ளேயே பதில் இருந்தது. ‘‘அடியில என்னம்மா போட்டிருக்கீங்க?’’ என்றேன். ‘‘கிளிஞ்சல் சார். கடற்கரையில பொறுக்குனது’’ என்றார். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. போர்டோ கலவையில் சுண்ணாம்பு எதற்கு? தாமிரத்தின் கடுமையைக் கட்டிப்போடத்தானே. சுடாத கிளிஞ்சலும் தண்ணீரில் கரைந்த தாமிரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இறாலைக் கொல்ல முதல் நாள் அளவு போதும். ஒட்டுண்ணியை ஒழிக்க அதே அளவு மூன்று வாரம் குறையாமல் நிற்க வேண்டும். கிளிஞ்சல் போட்ட தொட்டியில் அது நிற்காது. மாறாக, இழுத்து வைத்த தாமிரம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திரும்பும். புதிதாக இறால் விட்டால் அதுவும் சாகும்.

நாலாம் நாள் மறையும் புள்ளி

‘மருந்து ஊற்றியதும் புள்ளி மறைந்தது’ என்று பலரும் நம்புகிறார்கள். மருந்து ஊற்றாவிட்டாலும் அது மறையும். மீன் தோலுக்குள் புகுந்த ஒட்டுண்ணி, 3 முதல் 7 நாள் வரை மீனைத் தின்று கொழுக்கும். அதுதான் நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி. பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டுக் கழன்று கீழே இறங்கும். மணலிலோ, கிளிஞ்சலிலோ, கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிந்து, நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளியே வரும். மீன் கிடைக்காவிட்டால் அவை ஓரிரு நாளில் செத்துவிடும். மீன் அதே தொட்டியில் இருந்தால்?

கூட்டுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. மீன் தோலுக்குள் இருக்கும்போதும் தாமிரம் எட்டாது. வெளியே நீந்தி வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் சாகும். கூடு உடையும் காலமும் ஒரே மாதிரி இல்லை. சில 3 நாளில் உடையும், பெரும்பாலானவை சில வாரங்களில் உடைந்துவிடும், 72 நாள் வரை தாமதித்ததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

வேர்முடிச்சு நூற்புழு விழுந்த வயலில் என்ன செய்வோம்? அதற்குத் தீனியாகும் பயிரைக் கொஞ்ச காலம் போடாமல் விடுவோம். தொட்டிக்கும் அதேதான். கிரிப்டோகேரியானுக்குத் தீனி மீன் மட்டுமே. இறாலையோ, நத்தையையோ, சாமந்தியையோ அது தின்னாது. ஆகவே, இறாலும் சாமந்தியும் இருக்கும் தொட்டிக்குள் மருந்தைக் கொண்டுபோகக் கூடாது. மீனைத்தான் வெளியே எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் தரிசாகப் போட வேண்டும். இறாலும் நத்தையும் சாமந்தியும் அங்கேயே இருக்கலாம். ஏர் பம்ப், ஃபில்டர், விளக்கு எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். சாமந்திக்கு வாரம் ஓரிரு முறை, சின்னத் துண்டு இறால் சதை வையுங்கள். மிச்சம் கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

எத்தனை நாள் தரிசு? குறைந்தது ஆறு வாரம். முட்டையிடும் ஜோடியை வைத்துப் பிழைப்பவர்கள் 76 நாள் விடுவதுதான் நல்லது. கூடு 72 நாள் தாங்குகிறது என்பதால்தான் இந்தக் கணக்கு. இடையில் ஒரு மீனை, ‘சின்னதுதானே’ என்று விட்டால்கூட கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

மருந்தே இல்லாத வைத்தியம்: மூன்று நாளுக்கு ஒரு டப்

சகோதரிக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். செலவு குறைவு, அளவு தவறினால் மீன் சாகும் என்ற பயமும் இல்லை. 50 லிட்டர் பிடிக்கும் உணவுத்தர பிளாஸ்டிக் டப் இரண்டு, ஏர் கல் இரண்டு, வலை இரண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டப்புக்குள் மணல், கிளிஞ்சல் எதுவும் வேண்டாம். மீன் ஒளிய ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும்.

ஞாயிறு காலை மீனை முதல் டப்பில் விடுங்கள். புதன் காலை இரண்டாவது டப்புக்கு மாற்றுங்கள். பிறகு சனி, செவ்வாய், வெள்ளி என்று காலையில் மாற்றிக்கொண்டே வாருங்கள். மீனிலிருந்து கழன்ற ஒட்டுண்ணி கூடு கட்டி, குஞ்சு வெளியே வருவதற்குள் மீன் அடுத்த டப்பில் இருக்கும். பதின்மூன்றாம் நாள் ஐந்தாவது முறையாக மாற்றும்போது, மீன் மேல் இருந்த அத்தனையும் கழன்றிருக்கும். மூன்று நாள் என்பது மூன்று நாள்தான். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நாலாம் நாள் மாற்றினால், பாடுபட்டது வீண்.

ஒவ்வொரு முறையும் பழைய டப், ஏர் கல், குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் எலும்பாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ஒட்டுண்ணியும் இருக்கும். மீனோடு பழைய தண்ணீர் அதிகம் போகக் கூடாது. புது டப்பின் வெப்பமும் உப்பளவும் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். மேலே வலை போட்டு மூடுங்கள், கோமாளி மீனும் துள்ளும். தீனி பாதியாகக் குறையட்டும். ஃபில்டர் இல்லாத டப்பில் அமோனியா வேகமாக ஏறும். பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு, தரிசுக் காலம் முடியும்வரை மீன் அந்தக் கடைசி டப்பிலேயே இருக்கும் என்பதால், அதில் புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். பெரிய தொட்டியில் ஓடிய பழைய ஸ்பாஞ்ச் வேண்டாம். கூடு அதில் ஒட்டியிருக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் கடலில் மொண்ட தண்ணீரை அப்படியே ஊற்றுவது ஆபத்து. வண்டல் அடங்கிய தெளிந்த நீரில், 100 லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஒருநாள் ஏர் ஓட விடுங்கள். குளோரின் மிச்சத்தைச் சோடியம் தயோசல்பேட் போட்டு எடுத்து, கிட் வைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

தாமிரம்தான் வேண்டுமென்றால்...

மீன் நிறைய இருந்து, டப் மாற்ற முடியாதவர்கள் தாமிரம் போடலாம். ஆனால், தனித் தொட்டியில் மட்டும். அந்தத் தொட்டிக்குள் மணல், கிளிஞ்சல், கல் எதுவும் இருக்கக் கூடாது. காப்பர் சோதிக்கும் கிட் கையில் இல்லாதவர்கள் இந்த வழிக்கே போக வேண்டாம்.

தண்ணீரில் தாமிரம் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி சாகாது, மேலே போனால் மீனுக்கே ஆபத்து. வயலுக்கு வாங்கிய துத்தம் வேண்டாம், ஆய்வகத் தரம் வாங்குங்கள். அதில் கால் பங்குதான் தாமிரம். 4 கிராம் துத்தத்தை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால், அதன் ஒரு மில்லியில் சுமார் ஒரு மில்லிகிராம் தாமிரம் இருக்கும். 100 லிட்டருக்கு 20 மில்லி. இதை ஒரே தடவையில் ஊற்றாமல், நாலு பங்காக்கி இரண்டு நாளில் ஊற்றுங்கள். பிறகு காலை, மாலை சோதித்து, குறைந்ததை மட்டும் ஈடுகட்டி, 21 நாள் வைத்திருங்கள். கடல்நீரில் தாமிரம் தானாகவே படிந்து குறையும் என்பதால்தான் தினம் இரண்டு சோதனை. கடையில் விற்கும் ‘கீலேட்டட்’ தாமிரத்துக்கு இந்த அளவு பொருந்தாது, அதற்கு லேபிளில் உள்ள அளவுதான். இரண்டையும் கலக்கவே கூடாது.

துத்தக் கரைசல் பாட்டில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி இருக்கட்டும். நீல நிறத்தைப் பார்த்துச் சர்பத் என்று நினைத்துவிடப் போகிறார்கள். வைத்தியம் முடிந்த தண்ணீரைக் கடலிலோ, கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

எல்லா வெள்ளையும் ஒன்றில்லை

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ரவை தூவியதுபோல எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகேரியான். பொன்தூள் தூவியதுபோல மெல்லிசாக மினுங்கி, மீன் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கினால், அது வெல்வெட் நோய். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அதன் சுழற்சி வேகமானது என்பதால் டப் மாற்றும் வழி அதற்குப் பலிக்காது, தனித் தொட்டியில் தாமிரம்தான். கோமாளி மீனுக்கென்றே வரும் இன்னொன்று, புரூக்ளினெல்லா. தோலில் சளி கட்டி, வெள்ளைத் திட்டுத் திட்டாக உரியும். கடலில் பிடித்து வந்த மீன்களில் அதிகம் வரும். இதற்குத் தாமிரம் கேட்காது. மீன் நோய் வல்லுநர்கள் தனி டப்பில் ஃபார்மலின் குளியல் கொடுப்பார்கள். ஃபார்மலின் மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது. எனவே, அதன் அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தெளிவான போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அதுவரை முதலுதவியாக, குளோரின் இல்லாத நன்னீரில் 3 முதல் 5 நிமிடம் முக்கி எடுக்கலாம். தண்ணீரின் வெப்பம் தொட்டிக்குச் சமமாக இருக்க வேண்டும், கார அமிலத்தன்மையை ஆப்பசோடா போட்டுச் சரிசெய்ய வேண்டும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தோலுக்கு மேல் ஒட்டியிருப்பவை கொஞ்சம் உதிரும். அவ்வளவுதான், இது குணப்படுத்தாது. மீனைத்தான் முக்க வேண்டும். சாமந்தியை முக்கினால் போயே போய்விடும்.

சகோதரியின் பழைய தொட்டிக்கு வருவோம். அதிலிருந்த கிளிஞ்சலை எடுத்துப் போடச் சொன்னேன். ‘‘தொட்டிய கழுவிட்டா திரும்ப பூ வைக்கலாமா சார்?’’ என்று கேட்டார். இனி அதை மீன்களுக்கு ஆஸ்பத்திரித் தொட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாமந்திக்கு வேறு தொட்டி பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இன்னொரு தொட்டி என்றால் இன்னொரு செலவு. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால், காப்பர் கிட்டில் பூஜ்யம் காட்டினாலும், சிலிகான் ஒட்டிலும் இண்டு இடுக்கிலும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று யார் சொல்வது? ஜோடி மீன் இரண்டும் இப்போது டப்பில் இருக்கின்றன. நாலு மாற்றம் முடிந்துவிட்டது, புள்ளி இல்லை, தீனி எடுக்கின்றன என்று போன வாரம் தகவல் வந்தது.

வாசகர்கள் கேட்டவை

மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டால் போதும் என்கிறார்களே?

நன்னீர் மீனுக்கு உப்பு உதவும். இது கடலில் பிறந்த ஒட்டுண்ணி, உப்பு அதற்குத் தாய்வீடு. உப்பைக் குறைத்தால்தான் சாகும். மீன் மட்டும் உள்ள தனித் தொட்டியில், உப்பளவை 35-லிருந்து 15 வரை படிப்படியாக இறக்கி, மூன்று நாலு வாரம் வைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். இறால், சாமந்தி இருக்கும் தொட்டியில் செய்தால், தாமிரம் செய்த வேலையை இதுவும் செய்யும். மஞ்சள்தூள் தண்ணீரைக் கலக்குவதைத் தவிர வேறொன்றும் செய்து நான் பார்க்கவில்லை. பூண்டும் அப்படியே.

மீனைச் சுத்தம் செய்யும் இறால் விட்டால், ஒட்டுண்ணியைத் தின்றுவிடாதா?

அந்த இறால் மீன் மேல் ஏறிக் கொத்துவது உண்மை. ஆனால், இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது. இறாலால் நோயை ஒழிக்க முடியாது. ‘இறாலுக்கு ஆபத்தில்லாமல் வெள்ளைப்புள்ளியைப் போக்கும்’ என்று விற்கும் மருந்துகளையும் நான் நம்புவதில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் வீரியம் இருந்தால் இறாலுக்கும் உறைக்கும்.

மருந்தே ஊற்றவில்லை. மீன் நன்றாக இருக்கிறது. இறால் மட்டும் திடீரென்று செத்துவிட்டது. ஏன்?

வீட்டில் கொசு மருந்து அடித்தீர்களா? கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு, இறாலுக்குக் கடும் விஷம். வயலில் பூச்சிமருந்து தெளித்த கையை ஒழுங்காகக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டாலும் இதே கதிதான். செம்புக் குடத்திலோ, பித்தளைப் பாத்திரத்திலோ கடல்நீரைப் பிடித்து வைத்தாலும் தாமிரம் இறங்கும். பிளாஸ்டிக் வாளியே போதும்.

புது மீன் வாங்கினால் எப்போது தொட்டியில் விடலாம்?

நாலு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகு. மீன் உடம்பைக் குழாயில் உரசுகிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்று பாருங்கள். புள்ளி தெரிவதற்கு முன்பே இவை தெரியும். மீன் இருந்த தொட்டியிலிருந்து வாங்கும் நத்தை, சாமந்திக்கும் இதே விதி பொருந்தும். ஆனால், நாலு வாரம் போதாது. நத்தை ஓட்டிலும், சாமந்தி ஒட்டியிருக்கும் கல்லிலும் கூடு இருக்கலாம் என்பதால், மீன் இல்லாத டப்பில் ஆறு வாரமாவது வையுங்கள். கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் பவளத் துண்டு எடுத்துவந்து தொட்டியில் போடாதீர்கள். காய்ந்துபோன துண்டாக இருந்தாலும், எடுப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சுட்ட மண் ஓடே போதும், அதில்தான் கோமாளி மீன் நன்றாக முட்டையும் ஒட்டும்.